வீட்டுச் சண்டையும் பிள்ளையின் பேச்சும்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நம் சங்கத்து அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான்கு சுவருக்குள் நடப்பதைப் பத்திரிகையில் எழுதுவதா என்று கேட்கக்கூடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். திருப்பதியிலும் சித்தூரிலும் நம் வீடுகளில் வளர்கிற சில பிள்ளைகளைப் பற்றி யாராவது ஒருவர் வாய் திறந்தாக வேண்டும்.

மூன்று வயதாகியும் 'அம்மா' என்று கூப்பிடாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, பள்ளியில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை. இவர்களைத்தான் சொல்கிறேன். மருத்துவர்கள் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: 'வளர்ப்பு சரியில்லை.' வளர்ப்பு என்றால் தாயின் வளர்ப்பு என்று பொருள் சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஆரணிப் பக்கத்திலிருந்து வேலைக்காகத் திருப்பதி வந்தவர்கள். பையனுக்கு மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. ஊரிலிருந்து வந்த மாமியார் மருமகளைப் பார்த்து, "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எந்நேரமும் அழுதுக்கிட்டே கெடந்தியே, அதான் இப்படிப் பொறந்திருக்கு" என்றார். அந்தப் பெண் ஏன் அழுதாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் நான்கு நாள் குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிற கணவன் அதே அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அழுதது குற்றமாம். அழ வைத்தது குற்றமில்லையாம்!

தாயைக் குறை சொல்லும் இந்தப் பழக்கம் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தார். பின்னாளில் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பாசத்தில் குளிர்ந்தவர்கள் என்ற பேச்சு பரவியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் அதை ஊருக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 'ஃபிரிட்ஜ் அம்மாக்கள்' என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களே பழி சுமந்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு மூன்று ஆண்டு முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் இது தாயின் குற்றமல்ல, மூளையின் உயிரியல் சார்ந்தது என்று எழுதிவிட்டார். அவர் மனோதத்துவம் படித்தவர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனார். அவர் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ஐந்து நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி ஆட்டிசத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு வழியாக வருவது. ஏ.டி.எச்.டி.யும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே அந்த மாமியாருக்கு விஞ்ஞானத்தின் பதில் தெளிவு. அழுததால் இது வரவில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் இன்னொரு தவறான இடத்தில் போய் நிற்போம். 'எல்லாம் ரத்தத்தில் வந்தது. வீட்டில் என்ன நடந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது' என்று தகப்பன்மார்கள் கை கழுவிவிடலாம். அதுவும் உண்மையல்ல.

ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது அனாதை விடுதிகளில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்தது. தூக்கி எடுக்க ஆளில்லை, பேச்சுக் கொடுக்க ஆளில்லை. அவர்களில் பலரை இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்தன. மைக்கேல் ரட்டர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ருமேனியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 165 பேரைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாத வயதுக்குள் விடுதியை விட்டு வந்தவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே பெரும்பாலும் வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்கு ஆட்டிசம் போன்ற சாயலும், மனம் நிலைக்காத துறுதுறுப்பும் வந்து, வளர்ந்த பின்னும் நீடித்தன. பிறகு 2000-ல் புக்கரெஸ்ட் நகரிலேயே 136 விடுதிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போனவர்கள் அதற்குப் பின் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒரு குழந்தையின் மூளைக்குச் சோறு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மடியும் பேச்சும் என்பதை இதைவிடக் கொடுமையான முறையில் யாரும் நிரூபிக்க முடியாது.

நம் வீடுகள் ருமேனிய விடுதிகள் அல்ல. அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை. கடுமையான புறக்கணிப்பு எதைச் செய்யும் என்பதற்குத்தான் அதைச் சொன்னேன். நம் வீடுகளில் நடப்பது அளவில் சிறியது, ஆனால் தினமும் நடப்பது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் ஐந்து இடங்களில், அவற்றுள் ஹைதராபாத்தும் ஒன்று, 2 முதல் 9 வயதுவரை ஏறத்தாழ நாலாயிரம் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் எட்டுக் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. குறைப் பிரசவம், எடை குறைந்து பிறப்பது, பிறந்ததும் அழாதது, வீட்டுப் பிரசவம், சத்தில்லாமல் குட்டையாக வளர்வது ஆகியவை அந்த ஆபத்தோடு சேர்ந்தே வந்தன. இவற்றில் எது வீட்டு நிலையோடு சம்பந்தமில்லாதது? கர்ப்பிணி அடிபட்டால், பட்டினி கிடந்தால், குறைப் பிரசவத்துக்கும் எடைக் குறைவுக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. மாமியார் அழுகையில் தேடிய காரணத்தைக் கொஞ்சம் தள்ளித் தேடியிருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஒரு பெரிய வேலை நடந்தது பலருக்குத் தெரியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து நடத்திய 'சி-வேதா' என்ற ஆய்வில் நாடு முழுவதும் ஏழு இடங்களில், 6 முதல் 23 வயதுவரை, ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைச் சேர்த்தார்கள். அந்த ஏழில் ஒன்று அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கிராம சுகாதார மையம். வீட்டில் யார் குடிக்கிறார்கள், அம்மாவை யாராவது அடிப்பதைப் பார்த்திருக்கிறாயா, உன்னை அடித்தார்களா, வீட்டில் யாராவது சிறைக்குப் போனார்களா என்றெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகளில் கேட்கிறார்கள். இந்த வகைக் கேள்விகளை 1998-ல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் பிரபலமாக்கினார்கள். சிறுவயதில் பட்ட துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட நடுவயதில் இதய நோய் உட்படப் பல நோய்கள் கூடின என்று கண்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் அதே கேள்விகளைக் கேட்க ஆள் வந்தார்கள் என்பது எனக்கு நிறைவான செய்தி. நாம் நம் பிள்ளைகளிடம் கேட்டதில்லையே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. என் கட்சி முழுவதும் இதில்தான் நிற்கிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள். ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களிடம் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் அதிகம் இருந்தன. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவர் துன்புறுத்தப்பட்டு மற்றவர் தப்பியிருந்தால், துன்பப்பட்டவரிடம் குறைபாடு கூடுதலாக இல்லை. அதாவது, அடியிலிருந்து குறைபாடு முளைத்தது என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே வேரில் கிடந்திருக்கின்றன.

இதை நம் வீட்டு மொழியில் சொல்கிறேன். உட்காராத, சொன்னது காதில் ஏறாத பிள்ளை இருக்கிறான். அவனுக்கு அடி அதிகம் விழுகிறது. தகப்பனுக்கும் சிறுவயதில் அதே குணம், அதற்குப் பெயர் தெரியாமலே வளர்ந்தவர், பொறுமை குறைவு, குடி சேர்ந்துகொண்டது. பிள்ளையை முன்னிட்டு இருவருக்கும் சண்டை. சண்டையால் பிள்ளைக்குத் தூக்கமில்லை. தூக்கமில்லாததால் மறுநாள் பள்ளியில் இன்னும் ஆட்டம். டீச்சர் புகார் செய்கிறார், மறுபடியும் அடி. எது முதலில் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். குறைபாடு பிறவியில் வந்திருக்கலாம். ஆனால் அது ஒரு சங்கடமாக நிற்பதா, ஒரு வாழ்க்கையையே கெடுப்பதா என்பதை முடிவு செய்வதில் வீட்டுக்குப் பெரிய பங்குண்டு. அதனால் 'யார் தவறு' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'பிள்ளைக்கு என்ன இருக்கிறது, வீட்டில் என்ன நடக்கிறது' என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. மருத்துவரும் கேட்க வேண்டும், உறவினரும் கேட்க வேண்டும், சங்கமும் கேட்க வேண்டும்.

சண்டை எப்படிப் பேச்சைப் பாதிக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். குழந்தை வார்த்தை கற்பது தொலைக்காட்சியிலிருந்து அல்ல. அது 'ஆ' என்றால் அம்மா திரும்பி 'ஆ' என்கிறாள். அது விரலை நீட்டினால் 'காக்கா' என்கிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்க வேண்டும். இரவெல்லாம் அடிபட்டு, காலையில் வீங்கிய முகத்தோடு சமைக்கிற பெண்ணுக்கு அதற்கு எங்கே தெம்பு? அவள் பேசாமல் இருக்கிறாள். குழந்தையும் பேசாமல் இருக்கிறது. பிறவியிலேயே பேச்சு தாமதமாகும் பிள்ளைக்குத்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் மற்றவர்களைவிட அதிகம் தேவை. அதற்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது.

நம்மவர் வீட்டில் அதெல்லாம் இல்லை என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவனிடம் வன்முறை அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் ஆந்திரத்தில் சுமார் 30 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். ஆந்திரத்துக்காரர்களைப் பார்த்து நாம் பெருமை அடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

குடியைப் பற்றி இந்த மண்ணுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் 1992-ல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993-ல் சாராயத்துக்குத் தடை, 1995-ல் என்.டி. ராமராவ் ஆட்சியில் முழு மதுவிலக்கு என்று போனது. 1997-ல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். 2024 அக்டோபரில் வந்த கொள்கையில் தனியார் கடைகளும் 99 ரூபாய்க் குவார்ட்டரும் வந்தன. அரசாங்கங்கள் வரும், போகும். தூபகுண்டாப் பெண்கள் எழுந்தது வருமானக் கணக்குக்காக மட்டுமல்ல. இரவு வீட்டில் என்ன நடக்கிறது, பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் விநாயகர் இருக்கிறார். கிணறு தோண்டிய சகோதரர் மூவரில் ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது, சுவாமி வெளிப்பட்டதும் மூவரும் குணமானார்கள் என்பது தலபுராணம். ஆகவே பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர்களைப் பார்க்கலாம். அதே சந்நிதியில்தான் குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்யவும் ஆண்கள் வருகிறார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் விநாயகர் விடமாட்டார் என்ற பயம் இருக்கிறது. நான் இந்த நம்பிக்கையைக் கேலி செய்பவன் அல்ல. பிள்ளைக்காகப் பிரார்த்தனை செய்யத் தாய் போகும்போது, சத்தியம் செய்யத் தகப்பனும் கூடப் போகலாமே என்றுதான் சொல்கிறேன். சத்தியத்தோடு நில்லாமல் மனநல மருத்துவரிடமும் ஒரு தடவை போய்வந்தால் பிள்ளையாருக்குக் கோபம் வராது.

இனி நம்மைப் போன்று வெளியிலிருந்து வந்த குடும்பங்களுக்கென்றே உள்ள ஒரு சங்கடம். சித்தூர்ப் பகுதியின் பழைய தமிழ்க் குடும்பங்கள் 1911-ல் மாவட்டம் பிரியும் முன்பே இங்கே இருந்தவர்கள். 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனபோதும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களுக்கு மாமா வீடு, சித்தி வீடு எல்லாம் தெருக்கோடியில் இருக்கிறது. ரேணிகுண்டா ரயில்வேக்கும், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கும், திருப்பதிக் கடைகளுக்கும் வந்தவர்களுக்கு அது இல்லை. ஒற்றைப் படுக்கையறை வீடு, ஷிப்ட் வேலை, தெலுங்கு தெரியாத மனைவி. சண்டையை விலக்கப் பெரியவர் இல்லை. பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளப் பாட்டியும் இல்லை.

இந்தப் பெண் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்ட்லோ ஏமைனா கொடவலு உன்னாயா?" என்று மருத்துவர் கேட்கிறார். வீட்டில் ஏதாவது தகராறு உண்டா என்ற அந்தக் கேள்வியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? கணவர்தான். அவர் மொழிபெயர்ப்பதே இல்லை. "ஏமீ லேதண்டி" என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். சீட்டு எழுதி முடிந்தது. நான் குறிப்பிட்ட ஆரணிக் குடும்பத்திலும் முதல் தடவை இதுதான் நடந்தது. இரண்டாம் தடவை அந்தப் பெண் தன் அண்ணனோடு வேலூர் சி.எம்.சி.க்குப் போய், தமிழில் வாய்விட்டுப் பேசினாள். அங்கே பையனின் குறைபாடும் தெரிந்தது, வீட்டு நிலையும் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னார்கள். கணவனையும் வரவழைத்துப் பேசினார்கள். அவர் திருந்திவிட்டார் என்றெல்லாம் எழுத எனக்கு உரிமை இல்லை. கை நீட்டுவது குறைந்திருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். பையன் இப்போது பத்துப் பதினைந்து வார்த்தை பேசுகிறான்.

மொழி விஷயத்தில் இன்னொன்று. 'வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று குழப்புகிறீர்கள், தமிழை நிறுத்துங்கள்' என்று சிலர் பெற்றோருக்கு யோசனை சொல்கிறார்கள். இரண்டு மூன்று மொழிகள் காதில் விழுவதால் ஆட்டிசம் வராது, பேச்சுக் குறைபாடும் வராது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். தனக்கு நன்றாக வரும் ஒரே மொழியையும் தாயிடமிருந்து பிடுங்கிவிட்டால் அந்த வீட்டில் மிச்சமிருக்கும் பேச்சும் நின்றுபோகும்.

கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு வயதில் மழலை ஒலி எழுப்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, இருந்த பேச்சு எந்த வயதிலும் நின்றுபோனது என்றால் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுவரை வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து, மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. செலவு இல்லை. அங்கன்வாடியில் கேட்டாலே சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மண்டலங்களில் 'பவிதா' மையங்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழ் வாங்குவது அவமானம் என்று நினைத்து, தேர்வில் கிடைக்கக்கூடிய கூடுதல் நேரத்தைக்கூட இழக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பட்டிமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயோடு கூடப் போக, தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்த பெண்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். கணவனின் காதுக்கு எட்டாமல் மருத்துவரிடம் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் அதை மறந்துவிடுகிற பெண்களாக இருக்க வேண்டும். செயற்குழுவில் இதைச் சொன்னபோது, குடும்ப விவகாரத்தில் சங்கம் தலையிடுவதா என்று ஒருவர் ஆட்சேபித்தார். மொழிபெயர்ப்பதுதானே, தலையிடுவது எங்கே வந்தது என்று செயலாளர் கேட்டதும் அமைதியானார். திருப்பதியில் இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். சித்தூரில் இன்னும் யாரும் கிடைக்கவில்லை. வாரத்தில் ஒரு காலை வேளை ஒதுக்க முடிந்த சகோதரிகள் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.